கட்டி அவிழ்க்கிற திரை

தமிழில் திரை என்ற சொல்லுக்கு மூன்று பொருள். கடலில் எழும் அலை ஒன்று, தொங்கவிடும் துணி ஒன்று, வயதானால் தோலில் விழும் சுருக்கம் ஒன்று. தியேட்டருக்குள் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடுப்பொருள் மட்டும் போதும். திறந்தவெளியில் படம் காட்டியவர்களுக்கு மூன்றும் வேண்டியிருக்கும். இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒரு வெள்ளைத்துணியைக் கட்டிப் பாருங்கள். காற்றடித்தால் அலை, கயிறு தளர்ந்தால் சுருக்கம். கதாநாயகியின் முகம் அலையில் நெளியும், சுருக்கத்தில் கிழடு தட்டும்.

அந்தத் துணி எங்கிருந்து கிளம்பி எந்தெந்த ஊர் போய் எங்கே வந்து நிற்கிறது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. அது வந்து நிற்கும் இடமாகக் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சை வைத்துக்கொண்டேன். ஹூக்ளி ஆறு வளைந்து திரும்பும் அந்தக் கரையில், மட்டியாபுருஜ் என்று அழைக்கப்படும் பகுதியில், வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுகிறது. துணிக்கு அங்கே பஞ்சமே கிடையாது. பஞ்சம் எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சினிமா பிறப்பதற்கு முன்பே இந்தத் துணிக்கு வேலை இருந்தது. தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்து நடத்திய குடும்பங்கள் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, அதன் பின்னால் விளக்கேற்றி, ஆட்டுத்தோல் ராமனையும் ராவணனையும் துணியோடு ஒட்டி ஆட்டினார்கள். விளக்கும் கலைஞரும் அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியபோது மாறியது ஒரே ஒரு விஷயம்: விளக்கு ஜனங்களின் பக்கம் வந்துவிட்டது. துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆறே மாதத்தில், 1896 ஜூலை 7 அன்று, அதே படங்கள் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலுக்கு வந்தன. அதற்குப் பிறகு சென்னை விக்டோரியா பொது மண்டபம். கல்கத்தாவில் ஹீராலால் சென் 1898இல் ராயல் பயாஸ்கோப் கம்பெனியைத் தொடங்கி நாடகக் கொட்டகைகளிலும் பணக்கார வீடுகளிலும் படம் காட்டினார். இவை எல்லாம் கூரைக்குக் கீழே நடந்தவை.

துணிக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்காரலாம் என்பதைப் பெரிய அளவில் காட்டியதும் லூமியேர்கள்தான். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக 21 மீட்டர் அகலத்தில் ஒரு ராட்சதத் திரை செய்தார்கள். இயந்திரக் கூடத்தின் நடுவே அதைத் தொங்கவிட்டு, காட்சிக்கு முன் தண்ணீரில் நனைத்தார்கள். நனைந்த துணியில் வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கமும் படம் தெரிந்தது. மழையில் நனைந்த வேட்டி எப்படி ஆகும் என்று தெரிந்த எவருக்கும் இந்த விஞ்ஞானத்தை விளக்கவேண்டியதில்லை.

1902இல் கல்கத்தா மைதானத்தில் ஜாம்ஷெட்ஜி பிராம்ஜி மதன் என்ற பார்சி வியாபாரி கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். துணிக்குள் துணி. மைதானத்தில் மாலைக்காற்று வாங்க வந்தவர்கள் பயாஸ்கோப் ரசிகர்களாகத் திரும்பினார்கள். அந்தக் கூடாரத்திலிருந்து முளைத்த மதன் கம்பெனி பிறகு இந்தியா, பர்மா, இலங்கை எங்கும் தியேட்டர்களை வைத்திருந்த சாம்ராஜ்யமானது.

மூன்று வருடம் கழித்து, 1905இல், திருச்சியில் ஒரு ரயில்வே ஊழியர் தன் வேலையை விட்டார். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர்க்காரர். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரருக்கு உடம்பு முடியாமல் போக, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார். மாதச் சம்பளம் இருபத்தைந்து ரூபாய் என்றிருந்த மனிதருக்கு அது ஏறத்தாழ ஏழு வருட வருமானம். கூடாரத்தையும் திரையையும் மூட்டை கட்டி ரயிலேற்றினார். வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கிழக்கே ரங்கூன் வரைக்கும் அந்த மூட்டை போய்வந்தது. சுருளில் இருந்த படங்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கை. ரயில்வே அவருக்குச் சம்பளம் கொடுத்ததைவிட அதிகமாகப் பாதை கொடுத்தது. 1914இல் அவரே கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டிக் குடியமர்ந்தார். தெற்கே சினிமாவை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போன முதல் தமிழரின் திரை அங்கே சுவரில் ஏறியது.

திரை சுவரில் ஏறியதற்கு வியாபாரம் ஒரு காரணம், நெருப்பு இன்னொன்று. 1897 மே மாதம் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டும் விளக்கின் ஈதரில் தீப்பிடித்து, கித்தான் கூரை எரிந்து விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அன்றைய படச்சுருளோ நைட்ரேட். ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமுக்கினாலும் எரியும். உலகெங்கும் சர்க்கார்கள் விழித்துக்கொண்டன. இந்தியாவில் 1918இல் சினிமா சட்டம் வந்தது. படம் காட்டும் இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும், காட்டும் படத்துக்குத் தணிக்கை வேண்டும் என்று ஒரே சட்டம் இரண்டையும் சொன்னது. நெருப்புக்குப் பயந்து போட்ட வேலிக்குள்ளேயே கருத்துக்குப் பயந்து போட்ட வேலியும் வந்து உட்கார்ந்தது.

பிறகு துணி மெல்ல மெல்லத் துணியாக இல்லாமல் போனது. வெளிச்சம் வீணாகாமல் திரும்பிவர உலோகச் சாயம் பூசினார்கள். ‘வெள்ளித்திரை’ என்று இன்றைக்கும் சொல்லும் பெயர் அந்தப் பூச்சிலிருந்து வந்தது. 1931இல் நம் நாட்டில் படம் பேசத் தொடங்கியது. மார்ச்சில் ‘ஆலம் ஆரா’, அக்டோபரில் ‘காளிதாஸ்’. குரல் வாயிலிருந்தே வருவதுபோல இருக்க வேண்டுமென்று ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் வைத்தார்கள். சத்தம் வெளியே வரத் திரையெங்கும் ஊசிமுனை ஓட்டைகள் போட்டார்கள். பூசி, துளைத்து, சட்டத்தில் இழுத்து மாட்டியபின் அதை மடித்து ரயிலேற்ற முடியாது. டூரிங் டாக்கீஸ்காரர்கள் மட்டும் கீற்றுக் கொட்டகையில், மணல் குவித்த தரை டிக்கெட்டுக்கு எதிரே, பழைய துணியையே கட்டி வந்தார்கள். அதற்கு ஓட்டை தேவைப்படவில்லை. பருத்தி தானே மூச்சுவிடும்.

துணியை மறுபடி அவிழ்த்துவிட்டது கோடாக். 1923இல் வீட்டு உபயோகத்துக்கென்று 16 எம்எம் படச்சுருளைக் கொண்டுவந்தபோது, நைட்ரேட்டை விட்டுவிட்டு எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில் செய்தது. வீட்டுக் கூடத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு காட்டுவதற்குத்தான் அந்த எச்சரிக்கை. ஆனால் தீப்பிடிக்காது என்றதும் கல் சுவர் அறை வேண்டாம்; ஒரு ஆள் கையில் தூக்கும் புரொஜெக்டர் போதும்; பள்ளிக்கூடத் திண்ணை, ஆலமரத்தடி, எதுவும் கொட்டகை ஆகும்.

அந்த வழியில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சர்க்கார். 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியது. ஐந்தாண்டுத் திட்டத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு பிரச்சார வண்டிகள் கிராமங்களுக்கு வந்தன. தமிழ்நாட்டில் அந்தப் படங்களைச் சாவடி மைதானத்தில் பார்த்த தலைமுறைக்குத் திரையின் பின்பக்கம் என்றால் என்னவென்று தெரியும். முன்னால் இடம் பிடிக்க முடியாதவர்கள் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் உட்காருவார்கள். படம் சற்று மங்கலாக, இடம் வலம் மாறித் தெரியும். எல்லோரும் இடது கையால் சாப்பிடுவார்கள், எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கும். ஆனாலும் கதை ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்னொருவர் திரைப்படச் சங்கங்கள். 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அவர்கள் போட்ட படங்களில் ஒன்று ஐசென்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் போட்டெம்கின்’. அதில் ஒடெஸா நகரத்துப் படிக்கட்டில் சிப்பாய்கள் ஜனங்களைச் சுட்டுக்கொண்டே இறங்கும் காட்சி, பிற்காலத்தில் கேரளத்தில் ஒரு இயக்கத்துக்குப் பெயராயிற்று.

ஜான் ஆபிரகாமைத் தமிழர்கள் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவராக அறிவார்கள். 1977இல் வந்து தேசிய விருது வாங்கிய அந்தப் படம் தியேட்டருக்குப் போக முடியாமல் தவித்தது. 1984இல் கோழிக்கோட்டில் அவரும் நண்பர்களும் ஒடெஸா என்ற பெயரில் கூடினார்கள். தயாரிப்பாளரும் வேண்டாம், விநியோகஸ்தரும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 16 எம்எம் புரொஜெக்டரோடு ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைக் காட்டி, பார்த்தவர்களிடம் கிடைத்ததை வாங்கிச் சேர்த்து ஒரு படம் எடுத்தார்கள். அதுதான் 1986இல் வந்த ‘அம்ம அறியான்’. எடுத்தபின் அதே வழியில் திரும்பிப் போய், பணம் கொடுத்த ஜனங்களுக்கே அதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜான் இறந்துபோனார். திரை என்பது படம் விழும் இடம் மட்டுமல்ல, படம் பிறக்கும் இடமும்தான் என்று நம் நாட்டில் செய்துகாட்டியவர்கள் அவர்கள். மதன் கூடாரத்தில் வசூலான காசு மதனிடம் போனது. ஒடெஸாவின் வெள்ளைத்துணிக்கு முன்னால் வசூலான காசு படமாகி ஊருக்கே திரும்பி வந்தது.

அதன்பின் பெட்டி சுருங்கியது. வீடியோ கேசட், டிவிடி, பென் டிரைவ் என்று படம் சட்டைப்பைக்குள் அடங்கியது. புரொஜெக்டர் டிபன் கேரியர் எடைக்கு வந்தது. மாறாமல் அதே பருமனில் நின்றது துணி ஒன்றுதான். 1997இல் நியூயார்க்கில் மார்க் எலைஜா ரோசன்பெர்க் என்ற இளைஞர் தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் திரை கட்டிக் குறும்படங்கள் காட்டினார். ரூஃப்டாப் பிலிம்ஸ் என்று அது இன்றுவரை நடக்கிறது. அடுத்த வருடம், 1998இல், ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினார். ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குறும்படம் எடுத்தவர்கள் தங்கள் திரையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்காகக் கட்டமாட்டார்கள் என்பது இரண்டு ஊரிலும் உண்மையாக இருந்தது.

2004ஆம் ஆண்டு மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு அனுப்பும் இந்திய ஆவணப்படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அரசை விமர்சித்த படங்கள் பல தேர்வில் காணாமல் போயின. இயக்குநர்கள் சேர்ந்து அதே நகரத்தில் ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை நடத்தினார்கள். 1918இன் வேலி அப்போதும் அங்கேயே இருந்தது. ஆட்கள்தான் பக்கத்தில் வேறு பாதை போட்டார்கள். அந்தப் பாதை 2006இல் கோரக்பூருக்குப் போனது. அங்கே தொடங்கிய ‘எதிர்ப்பின் சினிமா’ இயக்கம் பெருநிறுவனப் பணம் வேண்டாம் என்று சொன்னது. கொல்கத்தாவில் பீப்பிள்ஸ் பிலிம் கலெக்டிவ் என்ற குழு, பார்வையாளர் தரும் பணத்தை மட்டும் நம்பி 2014 முதல் மக்கள் திரைப்பட விழா நடத்துகிறது. மைதானத்தில் மதன் கூடாரம் அடித்து நூற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே நகரத்தில் திரை யாருக்கும் சொந்தமில்லாததானது.

இப்போது கார்டன் ரீச். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் ஆற்று வளைவில் தோட்ட பங்களாக்கள் கட்டியதால் வந்த பெயர். 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொண்டபோது, நவாப் வாஜித் அலி ஷா இங்கே வந்து சேர்ந்தார். கூடவே பாடகர்கள், நடனக்காரர்கள், சமையல்காரர்கள், தையல்காரர்கள். 1887இல் இறக்கும்வரை மட்டியாபுருஜில் ஒரு குட்டி லக்னோவை நடத்தினார். அவர் சமாதி இங்குள்ள சிப்தைனாபாத் இமாம்பாராவில் இருக்கிறது. இந்த நவாப் ராஜ்ஜியம் இழந்த கதையைச் சொல்லும் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ 1977இல் வந்தது. நவாப் கிரீடத்தைக் கழற்றி நீட்டுவதோடு அந்தப் படம் அவரை விட்டுவிடுகிறது. அந்தக் கதை முடிந்த இடத்தில் கார்டன் ரீச்சின் கதை தொடங்குகிறது. நவாப் குடியிருந்த மாளிகை பின்னர் ரயில்வேக்காரர்களிடம் போனது. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இன்றைக்கும் கார்டன் ரீச்சில்தான். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ரயிலில் போன தமிழர்கள் எத்தனையோ பேர். அந்தத் தடத்தில் ஒரு பெரும்பகுதியை 2003 வரை இந்த ஆற்றங்கரை அலுவலகம்தான் நடத்தியது.

நவாபோடு வந்த தையல்காரர்களின் வழியில் வந்தது இன்றைய தொழில் என்று ஊரார் சொல்வார்கள். இன்று ஒஸ்தாகர் எனப்படும் மேஸ்திரிகள் துணி வாங்கி, வெட்டி, வீடுகளுக்குக் கொடுத்து, பீஸ் கணக்கில் தைத்து வாங்குகிறார்கள். இங்கே தைக்கும் குழந்தை உடைகள் வாரச் சந்தை வழியாக இந்தியாவெங்கும் போகின்றன. இந்த ஊரில் ஒரு திரை தைக்கச் சொன்னால் டீ ஆறுவதற்குள் தைத்துத் தருவார்கள்.

கணக்கு எளிது. கரூர் இரட்டைக் கட்டில் பெட்ஷீட் ஒன்று 108 அங்குலம் நீளம், 90 அங்குலம் அகலம். இன்றைய 16:9 படத்துக்கு ஒன்பது அடி அகலத் திரை அதிலேயே ஒட்டு இல்லாமல் கிடைக்கும், கட்டுவதற்கு மேலும் கீழும் ஓரம் மிஞ்சும். நூறு பேருக்கு அது போதும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ஒட்டுப்போட வேண்டும். 58 அங்குலத் துணியை நெடுக்காக இணைத்தால் தையல் நடிகரின் மூக்கின்மேல் போகும். ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தைத்துவிட்டால் நாலு அடி தள்ளி இருப்பவருக்கே தெரியாது. பின்னால் கறுப்பு லைனிங் கொடுத்தால் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் பின்பக்கத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. லைனிங் வேண்டாம் என்பது என் கட்சி. பின்னால் உட்கார்ந்தவருக்கு வங்காள எழுத்தும் உருதுவைப் போல வலமிருந்து இடமாக ஓடும், வாசிக்கத்தான் முடியாது.

காற்றுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடி துணியை மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஏறத்தாழ ஒரு ஆள் எடைக்குத் தள்ளும். ஹூக்ளிக் கரையில் அது திரை அல்ல, பாய். வங்காளத்தில் சித்திரை, வைகாசியில் கால்பைசாகி என்ற புயல்காற்று சாயங்காலத்தில்தான் வரும். ஆகவே குளிர்காலமே நல்லது. மூங்கிலைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, துணியின் கீழ் முடிச்சுகளை ஒரே இழுப்பில் அவிழும்படி போட்டு வைக்க வேண்டும். அவிழ்ந்த துணி பறக்கும், மூங்கில் சாயாது.

டிசம்பரில் கொல்கத்தாவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக. மட்டியாபுருஜ் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் பகுதி. இஷா தொழுகை முடிந்ததும் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு குறும்படம் காட்டலாம். ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி பத்து மணி எல்லை, அதற்கு முன்பே வீடு போய்ச் சேரலாம். தெருவில் காட்டக் குறும்படம்தான் தோது. கரண்ட் போகும், குழந்தை அழும், தள்ளுவண்டி வழி கேட்கும். மூன்று மணி நேரப் படம் இதைத் தாங்காது. பன்னிரண்டு நிமிடப் படத்தை முதலிலிருந்து போட்டுவிடலாம்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். திரையில் நாம் பார்க்கும் இருள் வெளிச்சம் படாத துணிதான். தெருவிளக்கு அதன்மேல் பட்டால் இரவுக் காட்சி சாம்பலாகிவிடும். ஆகவே திரையின் சரிபாதியைத் தையல்காரர் தருகிறார், மறுபாதியை, காட்சி முடியும்வரை தன் வாசல் பல்பை அணைக்கச் சம்மதிக்கும் எதிர்வீட்டுக்காரர் தருகிறார். ஊர் சம்மதிக்காமல் ஊரில் படம் காட்ட முடியாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

ஆனால் மூங்கிலை எங்கே நடுவது? 2024 மார்ச் 17 நள்ளிரவில் கார்டன் ரீச்சில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகளின்மேல் சரிந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நெருக்கி நெருக்கி, அனுமதியில்லாமல் எழும் மாடிகளைப் பற்றி அப்போது நகரமே பேசியது. இரண்டு வீட்டுக்கு நடுவே கை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டும் தெருவில் நூறு பேர் உட்காரும் மண் ஏது? பாரிஸ் கூடத்திலிருந்து மைதானத்துக்கும், திருச்சியிலிருந்து ரங்கூனுக்கும், கோழிக்கோட்டிலிருந்து கிராமங்களுக்கும் போன துணிக்கு நெருப்பு, சட்டம், காசு என்று எத்தனையோ தடை வந்தது. எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போக அதற்கு வழி கிடைத்தது. காலியிடம் இல்லாததைச் சுற்றிக்கொண்டு போகத்தான் வழி கிடையாது.

படம் எடுப்பவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் புரொஜெக்டர் வாங்கித் தருகிறார்கள். நல்லதுதான். அதோடு உங்கள் தெருவில் இன்னும் கட்டடம் ஏறாமல் மிச்சமிருக்கும் ஒரு பள்ளி மைதானத்தையோ குளத்தங்கரையையோ காப்பாற்றிக் கொடுங்கள். துணியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது உங்கள் வீட்டு அலமாரியில், கட்டில் அகலத்தில், மடித்துத்தான் இருக்கிறது.